அடிக்குக் கால் இஞ்சி

கொழுந்து நிறுத்த துண்டின் பின்பக்கம்
பென்சிலால் கீறுகிறேன்.
பேசின். அதன் கீழ் வளைவு.
வளைவிலிருந்து சுவர் வரை ஒரு கை நீளம்.

வெள்ளவத்தையில் மாடி மாடியாய்
எத்தனை பூட்டியிருப்பேன், எண்ணவில்லை.
பதினோராம் மாடி, கடல் தெரியும் குளியலறை.
வேலை முடித்த கையைக் கழுவப் போனபோது
வீட்டுக்காரி என்னைக்
கீழே காவல்காரனின் குழாய்க்கு அனுப்பினாள்.
பசை இன்னும் காயவில்லை, அதனால்தான் என்று
படியிறங்கும்போது
நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

இது மஸ்கெலியாவுக்கு மேலே,
பத்துக் காம்பரா லயத்தில் எட்டாவது.
குளியலறை என்றால்
பின்புறம் நாங்கள் அடுக்கிய மூன்று கல்சுவர்,
லயத்துக் கூரையிலிருந்து நீண்டு வந்த தகரம்.

யோகமலர் துண்டை வாங்கிப் பார்த்தாள்.
"தண்ணி கீழ போகத்தானே போகுது?
எதுக்கு மேல ஒரு பைப்பு?"

டின்பாலுக்கு ஏன் ரெண்டு ஓட்டை போடுற, என்றேன்.

அவள் சிரிக்கவில்லை.
அடுப்படிக்குப் போய் டின்னை எடுத்து
ஒரு ஓட்டையை விரலால் அடைத்தாள்.
பால் நின்றது.
விரலை எடுத்தாள்.
"சரி. கீறு."

மலையில் பிறந்தவனுக்குச் சரிவென்றால் அலட்சியம்.
இங்கே விழுந்த எலுமிச்சங்காய்கூட
அணைக்கட்டுத் தண்ணீரில் போய்த்தான் நிற்கும்.
ஆனால் இந்த ஒரு கை நீளத்துக்கு
மலையை மறக்க வேண்டும்.
அடிக்குக் கால் இஞ்சி, அவ்வளவுதான்.
கூடினால்
ஓடுகிற தண்ணீர் நிற்கிற தண்ணீரையும்
இழுத்துக்கொண்டு போய்விடும்.
பிறகு கானின் நாற்றம் வீட்டுக்குள் வந்து குந்தும்.

டவுனில் கடைக்காரப் பையனிடம்
"ஒன்றரை இஞ்சியில் ஒரு டீ" என்றேன்.
"குடிக்கவா, பூட்டவா?"
பதில் சொல்வதற்குள் இரண்டும் வந்தன.
குடிக்க வந்தது வெறும் தூள் சாயம்.
நல்லது இங்கே நிற்பதில்லை.

அடுத்தது கூரை.
பைப்பை நேரே மேலே விட்டால்
தகரத்தில் ஒரு ஓட்டை வேண்டும்.
தகரம் தோட்டத்துடையது. ஆபிசில் கடிதம் கேட்பார்கள்.
ஏற்கெனவே ஒழுகுகிற பதினேழு ஓட்டைக்கு
ஒருவரும் கடிதம் கேட்டதில்லை.

"சுவர் யாருது?" என்றாள் யோகமலர்.
சுவர் எங்களது.
ஒவ்வொரு கல்லும் அவள் இடுப்புக்குத் தெரியும்.

பேசின் விளிம்புக்கு மேல் ஒரு சாண் ஏறிய பின்தான்
பைப்பு பக்கவாட்டில் திரும்பலாம்.
அவள் சாணை வைத்தாள், நான் கோடு போட்டேன்.
சுவரைத் துளைத்து வெளியே,
வெளியே மறுபடி மேலே.

அதற்குள் ஒன்பதாம் காம்பரா சவரியம்மா வந்துவிட்டார்.
"எங்க ஜன்னலுக்கா ஒங்க நாத்தம்?"
தகரத்துக்கு மேல் இரண்டடி போகும் என்றேன்.
"மூணு" என்றார்.
மூன்று.

அழுக்குத் தண்ணீரைக் கானில் விடவில்லை.
கான் கீழ் லயத்துப் பீலியை உரசிக்கொண்டு போகிறது.
வாழைக்குப் பக்கத்தில் குழி வெட்டி
உடைகல் நிரப்பினோம்.
அந்த ஒரு நாள் அவளுக்குப் பேர் இல்லை,
சம்பளமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை
பேசினை விளிம்பு வரை நிரப்பி அடைப்பை இழுத்தேன்.
மூன்று பேரும் காது கொடுத்தோம்.
விக்கல் இல்லை, உறிஞ்சல் இல்லை.
தண்ணீர் சுழன்று போனது.
கடைசி ஒரு டம்ளர் மட்டும்
வளைவில் காவலுக்கு நின்றுகொண்டது.
வெளியே, மூன்றடி உயரத்தில்,
பைப்பின் வாயைப் பனிமூட்டம் எட்டிப் பார்த்தது.

சவரியம்மா மூக்கை உயர்த்தி இரண்டு தரம் இழுத்தார்.
ஒன்றும் அகப்படவில்லை.
யாரையும் கேட்காமல் குழாயைத் திறந்து
கொழுந்துக் கறை ஏறிய கையைக் கழுவினார்,
முழங்கை வரைக்கும், ஆறுதலாக.
பிறகு சொட்டும் கையை நீட்டி
"துவாய் எங்க?" என்றார்.

துண்டைப் புரட்டிப் பார்த்தேன்.
துவாய்க்குக் கம்பி கீறவில்லை.